தங்கச்சியிடம் சொல்லாத நாலு நாள்

லோடு வண்டி ஹாரன் கேட்டால் இன்னமும் என்னை வாசலுக்கு எட்டிப் பார்க்க வைக்கும் என் அப்பாவுக்கு,

பாப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். ஜப்பானிலிருந்து சென்னை, அங்கிருந்து மதுரை. கூப்பிடப் போக வேண்டியது நான்தான். நீங்கள் போய் இருபத்திமூன்று நாள் ஆகிறது. அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி பத்தொன்பது நாள். நடுவில் இருக்கிற அந்த நாலு நாளைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

முப்பது வருசம் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனீர்கள். நெருப்புக்குப் பயந்து பயந்தே உங்களை வழியனுப்பினோம். கடைசியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், காலி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமைதான் பாப்பாவுக்குப் பட்டமளிப்பு. மாணவர் பரிமாற்றம் என்று போனவள், பத்து மாதம் அந்தப் பிள்ளைகளோடு படித்தாள். அவளையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுப்பதாக அந்தத் தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். நம்ம நாரணாபுரத்தில் நீங்கள் அதைச் சொல்லாத ஆள் உண்டா? டீக்கடையில் உங்களைக் கண்டாலே எழுந்து போக ஆரம்பித்துவிட்டார்கள்.

அதனால்தான் சொல்ல வேண்டாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"பெத்த தகப்பன்லே அவளுக்கு. சொல்லாம எப்படிலே எடுக்க முடியும்?"

"சொன்னா விழாவை விட்டுட்டு ஓடி வருவாம்மா. வந்தாலும் முகத்தைப் பாக்க முடியாது. எதுக்கு ரெண்டையும் இழக்கணும்?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்க்கிறேன். ஊரில் யார் தவறினாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என் மெஷினில்தான் ஓடும். உங்களுக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. சுவரில் ஒட்டினால் எவனாவது படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவான், அடுத்த நிமிசம் ஜப்பானில் தெரிந்துவிடும். "பெத்த அப்பனுக்கு ஒரு போஸ்டர் அடிக்கத் துப்பில்லையா" என்று என் காது கேட்கவே பேசினார்கள். வந்தவர்களிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, போனில் எதுவும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டேன். துக்க வீட்டில் என் வேலை அதுதான். அழக்கூட நேரமில்லை.

பாப்பா தினமும் கூப்பிட்டாள். அப்பா லோடு போயிருக்காக என்றேன். சிக்னல் இல்லை என்றேன். வியாழக்கிழமை அவள் குரல் கொஞ்சம் மாறியது. "அண்ணே, அப்பா நாளைக்கு விழாவைப் பாப்பாகல்ல?" என்று கேட்டாள். "பாக்காம இருப்பாகளா?" என்றேன். அது மட்டும் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளி காலை ஆறரைக்கு, அங்கே பத்து மணிக்கு, விழா தொடங்கியது. பாப்பா தங்கியிருந்த வீட்டு அம்மா பெற்றோர் வரிசையில் உட்கார்ந்து, பள்ளியில் அனுமதி வாங்கி, போனில் எங்களுக்குக் காட்டினார். எங்கள் பக்கத்து கேமராவில் நான் டேப் ஒட்டியிருந்தேன், ரிப்பேர் என்று சொல்லி. வீட்டில் இருபது பேர் இருந்தோம். யாரும் தும்மக்கூட இல்லை.

நம்மூர் விழா மாதிரி விசில், கைதட்டல் எதுவும் இல்லை அப்பா. பெரிய விளையாட்டு அரங்கம், சுற்றிலும் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகத் திரை, நீட்டுக்கு நாற்காலிகள். பேரைச் சொன்னால் பிள்ளை எழுந்து "ஹை" என்று சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக "முத்துமாரி" என்றார்கள். அவ்வளவு சுத்தமாக நம்ம ரேஷன் கடையில்கூட அந்தப் பேரைச் சொன்னதில்லை. பாப்பா எழுந்தாள். அந்தக் குரலைக் கேட்டு அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

பிறகு பிள்ளைகள் எல்லாரும் பெற்றோர் பக்கம் திரும்பி, ஒரே நேரத்தில் இடுப்பு வரை குனிந்தார்கள். நன்றி சொல்வதாம். மற்றவர்கள் நிமிர்ந்த பிறகும் பாப்பா குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது நேராக அந்தப் போனைத்தான் பார்த்தாள். உங்களைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த நிமிசம் தெரிந்துவிட்டது எனக்கு, தப்புப் பண்ணிவிட்டேன் என்று.

விழா முடிந்ததும் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட குடு." சொன்னேன். அவள் அழவில்லை.

"எப்போ?"

"திங்கக்கிழமை."

"இன்னைக்கு வெள்ளி." அடுத்துக் கேட்டாள்: "அப்போ நான் யாரைலே கும்பிட்டேன்?"

என்னை லே போட்டு அவள் பேசியதே இல்லை. அதோடு போனை வைத்துவிட்டாள். பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு.

அம்மா பதினெட்டாம் நாளே வேனேறி பட்டாசு ஆலை வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் இருக்க முடியவில்லை என்கிறார். நேற்று சாத்தூர் பக்கம் ஏதோ ஒரு ஆலையில் வெடிவிபத்து என்று செய்தி வந்தது. பாப்பா அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில்தான் இருக்கும். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா நல்லாருக்காக. அது நம்ம கம்பெனி இல்ல," என்றேன்.

"அன்னைக்கும் அப்பா நல்லாருக்காகன்னுதான் சொன்ன. முகத்தைக் காட்டு."

மெஷினை நிறுத்திவிட்டு பைக்கை எடுத்தேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். என் வார்த்தையை நானே நம்பாமல் போனேன் போல. வாட்ச்மேனிடம் கெஞ்சி அம்மாவை கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வரச் சொல்லி, வீடியோவில் பாப்பாவைக் கூப்பிட்டேன். அம்மா கையெல்லாம் சாம்பல் நிற வெடிமருந்தோடு வந்து, "இங்கன பாரு தாயி, உசுரோடதான் இருக்கேன்," என்றார். அப்போதுதான் பாப்பா அழுதாள். உங்களுக்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன்.

அழுது முடித்துவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "அண்ணே, ஒன்னே ஒன்னு கேக்கேன். இன்னும் எதாச்சும் எங்கிட்ட மறைச்சு வச்சிருக்கியா?"

இல்லை என்றேன்.

அப்பா, இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பாப்பாவுக்கு ஒரு போன் போடுலே," என்றீர்கள். ரெண்டு தடவை சொன்னீர்கள். போன் என் கையிலேயே இருந்தது. அங்கே ராத்திரி ஏழரைதான், சாப்பிடுகிற நேரம், முழித்துத்தான் இருந்திருப்பாள். "அவ பயந்துருவாப்பா, மொதல்ல ஆஸ்பத்திரி போவோம்," என்றேன். நீங்கள் மூன்றாம் தடவை கேட்கவில்லை. கோபத்தில் கேட்கவில்லையா, முடியாமல் கேட்கவில்லையா? அன்றைக்கு மறைக்க ஆரம்பித்தவன் நாலு நாள் அதையே செய்தேன். விழாவுக்காக என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில், அவளிடம் சொல்லும் வாய் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் அவள் வெளியே வந்ததும், பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். அப்பா உன் குரலைக் கேட்கணும்னு சொன்னாக, நான்தான் தரலைன்னு. அதற்கப்புறம் அவள் என்னோடு வண்டியில் ஏறினாலும் சரி, தனியாக பஸ் பிடித்து ஊர் வந்தாலும் சரி, பின்னாலேயே வந்து வீட்டில் சேர்ப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
அவளுக்கு இன்னும் அண்ணனாக இருக்க ஆசைப்படும்
உங்கள் மூத்த மகன்
கருப்பசாமி