பொந்துக்குள் போகிற சாப்பாடு

பெப்ரவரி 18, 2025

இன்று மனைவி அன்னப்பிள்ளை காலையில் ஒரு இடியப்பமும் மத்தியானம் ஒரு சின்னக் கோப்பை பருப்பும் சோறும் சாப்பிட்டாள். இருமவில்லை. வெளியே ஜேர்மனி மழை.

முன்பென்றால் அன்றன்று நடந்ததை அவளிடமே சொல்லிவிடுவேன். வாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போய் மூன்று வருசம். சொன்னால் கேட்கிறாள், பதில் இல்லை. அதனால் இதைப் போனுக்குச் சொல்கிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன். மகள் பிரபாலினிதான் போனில் ஒரு இடத்தைக் காட்டித் தந்தாள். அதை அமத்திப்போட்டுப் பேசினால் அதுவே எழுதும். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு அதற்குச் சரியாக விளங்காது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிச் சொன்னால் விளங்கும். ஆயுள் முழுக்க ரேடியோ கேட்டவனுக்கு அது பெரிய வேலையா?

பெப்ரவரி 26

கடையில் காசு கட்டுகிற வரிசையில் நின்றபடியே விழுந்துவிட்டேன். பால் போத்தல் உடைந்தது. டொக்டர் களைப்பு என்றார், வேறொன்றும் இல்லையாம்.

பிரபாலினி வந்து சத்தம் போட்டாள். "நீங்கள் படுத்தா அம்மாவை ஆர் பாக்கிறது?"

"நான் படுக்க மாட்டன்."

"கடையில படுத்தியளே அப்பா, சனம் பாத்துக்கொண்டு நிக்க!"

மார்ச் 9

ஈஸ்டர் விடுமுறைக்கு பிரபாலினியும் மருமகனும் தாய்லாந்து போகிறார்கள். எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டாளாம். ஹனோவரில் இருந்து மகன் மதீசன் லீவு எடுத்து வந்து தாயைப் பார்ப்பானாம். என்னைக் கேட்காமலே எல்லாம் முடிந்துவிட்டது.

ஏலாது என்றேன். ஏலாதுதான். அன்னத்துக்குச் சாப்பாடு கொடுப்பது லேசான காரியம் இல்லை. அவளுடைய சட்டி வேறு. இரத்த அழுத்தத்துக்காக உப்பில்லாமல் சமைக்கிறேன். நன்றாகக் குழைத்து, சுண்டு விரல் நுனியளவு உருட்டி, நாடியைக் கீழே பிடித்து, முகம் குனிந்தபடி கொடுக்க வேண்டும். தொண்டை அசையும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அசைந்த பிறகுதான் அடுத்தது. புரைக்கேறினால் நெஞ்சுக்குள் போய்விடும், அதோடு ஆஸ்பத்திரி. மதீசனுக்கு நாற்பது வயது. தனியாக இருந்து நூடில்ஸ் தின்கிறவன். அவனுக்குச் சோறு குழைக்கத் தெரியுமா?

முதல் வருசம் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பயிற்சி கொடுக்க வருவாள். ஒருநாள் கரண்டியை அன்னத்தின் இடது கையில் வைத்தாள். அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை; டீவி மாற்றுவதும் முகம் துடைப்பதும் அதாலேதான். ஆனால் அன்னம் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். கழுவுகிற கையால் சாப்பிடுவதா? நானும் அந்தப் பிள்ளைக்கு 'நைன்', வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கதை அதோடு முடிந்தது.

இன்று பிரபாலினி தாயிடமே கேட்டாள். "அம்மா, அப்பா தாய்லாந்து போகட்டோ?"

அன்னம் இடது கையைத் தூக்கி, முற்றத்தில் கோழி கலைக்கிற மாதிரி ஆட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 11

மதீசன் வந்துவிட்டான். மத்தியானம் அவனைக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்தேன். இரண்டாவது வாயிலேயே இருமினாள். கோப்பையைப் பறித்தேன்.

"விடுங்கோ அப்பா, நான் பழகிறன்."

"கொம்மாவைக் கொல்லப் போறியோ?"

அவன் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவி வைத்தான்.

நாளைக்குப் பயணம். போகாமல் விட்டால் என்ன?

ஏப்ரல் 14

பாங்கொக். இங்கே இவர்களுக்கும் வருசப்பிறப்பாம். தெருவில் நின்று ஆளுக்காள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எனக்கும் தலையில் ஒரு வாளி விழுந்தது.

மதீசனுக்குப் போன் எடுத்தேன். "சாப்பிட்டவளோ?"

"ஓம் அப்பா."

"எவ்வளவு?"

"அப்பா, நான் என்ன தராசோ வைச்சிருக்கிறன்?"

ஏப்ரல் 17

இன்று காடு பார்க்கப் போனோம். பாங்கொக்கில் இருந்து வான் வண்டியில் மூன்று மணித்தியாலம். காவ் யாய் என்று பெயர். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பி வருகிற பயணம். வானில் எங்களைத் தவிர எல்லோரும் ஜேர்மன்காரர். வழிகாட்டி விச்சிட், ஐம்பது வயதிருக்கும், கொலோனில் சமையல்காரனாய் இருந்து ஜேர்மன் படித்தவன். என்னுடையதும் குசினியில் படித்த ஜேர்மன்தான். அவன் பேசினது எல்லாம் விளங்கியது.

"இந்தியாவா?" என்று கேட்டான்.

"டோர்ட்மண்ட்" என்றேன், நாங்கள் இருக்கிற ஊரை. பிறகு முழு வழியும் என்னை 'டோர்ட்மண்ட்' என்றுதான் கூப்பிட்டான்.

முதலில் செம்மண்ணில் தோண்டின ஒரு கிடங்கைக் காட்டினான். காவற்காரர் அதில் உப்புப் போடுவார்களாம். யானையும் மானும் வந்து மண்ணோடு சேர்த்து நக்குமாம். "உப்புக் கிடைக்காவிட்டால் காட்டை விட்டு இறங்கிவிடும். உப்பில்லாமல் எந்த உயிர் இருக்கும்?" என்றான். யானையின் கால் தடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. யானையைக் காணவில்லை.

அங்கிருந்து ஒரு பெரிய புல்வெளிக்குப் போனோம். காட்டின் நடுவில் இப்படி ஒரு வெளி எப்படி வந்தது என்று யோசித்தேன். ஒரு காலத்தில் அது ஊராம். நெல்லும் மிளகாயும் போட்டிருக்கிறார்கள். பிறகு அரசாங்கம் எல்லோரையும் மலையால் கீழே இறக்கியது. வயல் இருந்த இடம் புல்லாகிவிட்டது. மானுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று வருசாவருசம் நெருப்பு வைக்கிறார்கள். விச்சிட்டின் பாட்டனார் அந்த ஊரவர்.

ஒரு ஜேர்மன் அம்மா கேட்டாள், கோபம் இல்லையா என்று. விச்சிட் சிரித்தான். "என் அப்பா இங்கே மிருகம் சுட்டார். நான் மிருகம் காட்டுகிறேன். எனக்குத்தான் சம்பளம் ஒழுங்காய் வருகிறது."

எங்கள் ஊர் வறுத்தலைவிளானிலும் ஆமிக்காரர் சனத்தை ஊரை விட்டு எழுப்பினார்கள். எழுப்பினது மானுக்காக இல்லை. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பறவை பார்க்க நடந்தோம். துணியால் மறைத்த ஒரு கொட்டில். அதற்குள் இருந்து துவாரத்தால் பார்க்க வேண்டும், மூச்சு விடுகிற சத்தமும் கேட்கக் கூடாது. எதிரே வானம் முட்டுகிற மரம். அதன் உயரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாய் அடைத்து, சுண்டு விரல் போகிற அளவு நீக்கல் மட்டும் இருந்தது. உள்ளே பெட்டை இருக்கிறதாம். ஜேர்மன்காரர் இதைக் காண்டாமிருகப் பறவை என்கிறார்கள். பிரபாலினி போனில் தேடிப் பார்த்துவிட்டு, தமிழில் இருவாச்சி என்று காதுக்குள் சொன்னாள். குஞ்சு வளரும் வரை தாய் வெளியே வராது. ஆண் கொண்டு வந்து அந்த நீக்கலால் கொடுக்க வேண்டும்.

ஆண்தான் அடைத்துவிட்டதாக்கும் என்று நினைத்துக் கேட்டேன். "இல்லை, டோர்ட்மண்ட். உள்ளே இருந்துகொண்டு அவளே அடைக்கிறாள். நேரம் வரும்போது அவளே உடைப்பாள். அவனுக்குச் சாப்பாட்டு வேலை மட்டும்தான்" என்றான் விச்சிட், குசுகுசுத்து.

இவை மரங்கொத்தி மாதிரிச் சொண்டால் பொந்து தோண்டாதாம். பழைய பொந்தின் அடி தாழ்ந்துபோனால் ஆட்கள் கயிறு கட்டி ஏறி, மண் போட்டுத் திருத்திக் கொடுக்கிறார்கள். முன்பு குஞ்சு களவெடுக்க ஏறின மரங்களில் இப்போது திருத்த ஏறுகிறார்கள் என்றான்.

நெடுநேரம் இருந்தோம். கடைசியாகச் சிறகடிக்கிற சத்தம், பழைய பஸ் மூச்சு வாங்குகிற மாதிரி. ஆண் வந்து கிளையில் குந்தியது. சொண்டு நுனியில் ஒரு சிவத்தப் பழம். பொந்துப் பக்கம் கழுத்தை நீட்டியது.

அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் நாதஸ்வரமும் தவிலும் கிளம்பின.

என்ரை போன். மதீசனின் முகம். எந்த இடத்தை அமத்துவது என்று தெரியவில்லை. எப்படியோ கட் பண்ணினேன். நிமிர்ந்து பார்த்தால் கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பழத்தோடு பறவை போய்விட்டது. ஒரு ஜேர்மன் கிழவர் 'மென்ஷ்!' என்று பல்லைக் கடித்தார். விச்சிட் ஏசவில்லை. அதுதான் கூடச் சுட்டது. திரும்பி எடுப்போம் என்றால் போனில் சிக்னல் கோடே இல்லை.

ஏன் எடுத்தவன்? அங்க காலமைச் சாப்பாட்டு நேரம். இருமிப்போட்டாளோ? புரைக்கேறி மூச்சுத் திணறுதோ, என்ன செய்யிறது எண்டு கேக்கத்தான் எடுத்தவனோ? நான் கட் பண்ணிப்போட்டனே. அங்க ஒருத்தி. இஞ்ச ஒருத்தி பொந்துக்குள்ள, வந்த சாப்பாட்டையும் நான் கலைச்சுப்போட்டன். ஐயோ, ஏன் வந்தன் இந்த நாட்டுக்கு—

பிரபாலினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழும்பிப் போவோம் என்றேன். விச்சிட் இருக்கச் சொல்லிக் கை காட்டினான்.

பிறகு மறுபடியும் அந்தச் சத்தம். பறவை பொந்து வாயில் தொங்கி, தொண்டையில் இருந்து பழம் பழமாய் எடுத்துக் கொடுத்தது. உள்ளே இருந்து ஒரு சொண்டு நுனி வந்து வாங்கிப் போனது.

"திரும்பி வந்திட்டார், அப்பா" என்றாள் பிரபாலினி.

விச்சிட் இல்லையென்று தலையாட்டினான். "இது அவன் இல்லை. இது வேறு ஆள். இந்தச் சாதியில் ஒரு பொந்துக்கு மூன்று நாலு பேர் சுமப்பார்கள். போன வருசத்து மகனாயும் இருக்கலாம்."

"கொண்டு வாறது ஆர் எண்டு அவளுக்குத் தெரியாதோ?" என்று நான் கேட்க, பிரபாலினி அதை நல்ல ஜேர்மனில் சொன்னாள்.

"சொண்டு வெளியே வந்ததைப் பார்த்தீர்கள்தானே? அவள் ஆளைப் பார்ப்பதில்லை, பசியைப் பார்ப்பாள்."

மலை இறங்குகிற வளைவில் போனுக்கு உயிர் வந்தது. மதீசனின் குரல் வந்திருந்தது. பிரபாலினி போட்டுக் காட்டினாள். "அப்பா, பயப்பிடாதேங்கோ. பாலில பாண் ஊற வைச்சுக் குடுக்கலாமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான். இப்ப சரி. அம்மா நல்லாச் சாப்பிட்டவா."

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இறங்கின இடத்தில் வேறொன்று வந்து இருந்தது. நல்லாச் சாப்பிட்டவா. நான் இல்லாமலோ?

ஏப்ரல் 18

கடல். எல்லோரும் குளித்தார்கள். நான் கரையில் இருந்தேன்.

ஏப்ரல் 25

வீட்டுக்கு வந்தேன். என்னிடமும் ஒரு கதவுத் திறப்பு உண்டு, மணி அடிக்கவில்லை. அன்னம் மேசையில் இருந்தாள். முன்னால் கோப்பை. சோற்றை இடது கையால் குழைத்து, உருட்டி, நாடியைத் தானே தாழ்த்தி வாயில் வைத்தாள். மதீசன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டாள். கை போர்வைக்குள் போய்விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதீசன் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனான். "அண்டைக்கு நான் உங்களுக்கு எடுக்க, நீங்கள் கட் பண்ணினியளே. திரும்பித் திரும்பி அடிச்சுக்கொண்டு நிண்டிட்டுப் பாத்தா, கோப்பைக்குள்ள அவான்ரை கை. பாணைத் தானே எடுத்துச் சாப்பிடுறா. நான் பாக்காத மாதிரி நிண்டிட்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அடுத்த பிளேனில வந்து நிண்டிருப்பியள்."

அது உண்மை.

ஏப்ரல் 28

நான் கொடுத்தால் வாய் திறக்கிறாள், பாதியில் போதும் என்று மூடிவிடுகிறாள். நான் வெளியே போனால் மிச்சத்தைத் தானே சாப்பிடுகிறாள். மதீசனுக்கு முன்னால் வெட்கம் இல்லை, அவன் இங்கே பிறந்தவன். எனக்கு முன்னால்தான் அந்தக் கை ஒளிக்கிறது. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு நான் 'நைன்' சொன்னதை அவளும் கேட்டாள்தானே.

மே 2

இன்றும் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதீசன் போகிறான். பிறகு யார் பக்கத்தில் இருப்பது? ஆளில்லாமல் சாப்பிட விட ஏலாது, புரைக்கேறும். ஆள் நான் என்றால் சாப்பிட மாட்டாள்.

மதீசன் வந்து கதவில் சாய்ந்தான். "எத்தினை நாளைக்கு அப்பா இப்பிடிக் களவு பிடிக்கிறவர் மாதிரி நிப்பியள்?"

மே 4

அவனை ஸ்டேசனில் விட்டுவிட்டு வந்தேன்.

"அண்டைக்குக் கொல்லப் போறியோ எண்டு கேட்டனான்" என்றேன்.

"நான் மறந்திட்டன் அப்பா."

"நான் மறக்கேல்லை."

ரெயில் வந்துவிட்டது. ஏறி நின்றுகொண்டு, "சனிக்கிழமை வாறன். சட்டியைக் கழுவாமல் விடுங்கோ, நான் கழுவுறன்" என்றான்.

மே 5

இன்று மத்தியானம் இரண்டு சமையல் சமைக்க அலுப்பும் பஞ்சியுமாக இருந்தது. அன்னத்தின் சட்டியிலேயே இரண்டு கோப்பைக்கும் போட்டேன். அவளுக்கு எதிரே இருந்தேன். வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு இடது கையால் சோற்றைத் தொட்டேன்.

அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. குழைத்தால் கோப்பை ஓடுகிறது, உருட்டினால் உதிர்கிறது, பாதி மடியில் கொட்டியது. கூசியது. கொஞ்சம் கோபமும் வந்தது. நான் நிமிரவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாய் இருந்தேன்.

எதிரே சிரிப்புச் சத்தம் கேட்டது. வாதம் வந்த பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

போர்வைக்குள் இருந்து கை வந்தது. தன் கோப்பையில் இல்லை, என் கோப்பையில் வைத்தாள். சோற்றைக் கோப்பை விளிம்போடு அணைத்து, பெருவிரலால் தள்ளி, அச்சொட்டாய் ஒரு உருண்டை பிடித்தாள். இப்பிடித்தான் என்கிற மாதிரி எனக்குக் காட்டினாள். பிறகு அதை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

வாங்கினேன்.

துளி உப்பில்லை. சோறு என்று சொல்ல ஏலாது. இதையோ நான் இவளுக்கு மூன்று வருசமாய் ஊட்டினேன்? ஒருநாளாவது நாக்கில் வைத்துப் பார்த்தேனா?

நாளைக்கு டொக்டரைப் பார்க்க ஒரு டெர்மின், நேரம், எடுக்க வேண்டும். கொஞ்சமாவது போடலாமோ என்று கேட்க வேண்டும்.