கதவுப் பலகைக்குள் இரண்டு வரி

கூட்டாளி, கம்பனித் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம் அது. அதற்குச் சற்று முன்புதான் பதுளைக் கடைவீதியில் நீயும் நானும் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றோம். வருடத்தின் எண் எனக்குத் தெரியாது. எண்ணும் எழுத்தும் உன்னுடையவை, ஊசியும் நூலும் என்னுடையவை.

அந்த வருடத்து வாசனை நேற்று என் வீட்டுக்குள் வந்தது. பண்டாரவளை முதலாளி ஒருவர் ஒரு காரின் கதவுப் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார். "பெரியவர், ரேஸ் காரு ஒண்ணு வாங்கியிருக்கேன். உள்பக்கமெல்லாம் பிஞ்சு கெடக்கு. இதே மாதிரி புதுசா அடிச்சுத் தாங்க." கிழிந்த ரெக்சினைத் தூக்கினேன். தேயிலை மணத்தது.

தோட்டத்துப் பெரிய துரை சீமைக்குத் திரும்புமுன் விற்க நினைத்த அந்தச் சிவப்பு இரண்டு சீட்டுக் காரேதான். கூரையைத் திறந்துபோட்டு மழையிலும் ஓட்டுவாரே, கதவின் உட்பலகை நனைந்த பாண் மாதிரி உப்பியிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு சாமானும் வராத காலம். மெக்கானிக் நீயே கையை விரித்துவிட்டாய். நான்தான் தேயிலைப் பெட்டியை உடைத்துப் பலகை எடுத்தேன். அதன் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரிக்கப் போனாய்.

"உரிக்காதடா. தேயிலைக்கு ஈரம் படாம காக்குறது கதவுக்கும் காக்கும்."

"இம்புட்டு மூளைய எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?" என்று முதுகில் அடித்தாய்.

பழைய பலகையை வைத்துக் கோடு போட்டு அறுத்ததும், தேங்காய்த் தும்பு பரப்பி ரெக்சினை இழுத்து அடித்ததும் நான். கழற்றியதும் பூட்டியதும் நீ. ரெக்சின் ஒட்டுமுன் பென்சிலை எடுத்துப் பலகையில் இரண்டு வரி எழுதினாய். "மேல என் பேரு, கீழ ஒன் பேரு. உள்ள இருக்கிற பேருக்கு மழ படாதுடா."

அதுவரை நான் பெருவிரல் வைக்கிற ஆள். அந்தக் கீழ்வரியை ஒரு அட்டைத் துண்டில் பார்த்து வரைந்துகொண்டேன்.

துரை வந்து கதவைத் தடவிப் பார்த்தார். உன்னிடம் இங்கிலீஷில் கேட்டார், நீ ஏதோ சொன்னாய், அவர் உன் கையைக் குலுக்கினார். உன் மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருந்தாள். "என்னடா சொன்ன?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் செஞ்சோம்னுதான்." துரை கொடுத்த கடிதத்தோடு கொழும்பு வேலைத்தளத்துக்குப் போனாய். "எடம் புடிச்சதும் கூப்பிடுறேன்டா." கூப்பிடவில்லை. எனக்குக் கோபமில்லை. சொன்ன வார்த்தையை மறந்தவன் என் பேரை எழுதி வைத்தானே என்று இருந்தேன். நீ செத்துப்போன சேதி வந்த அன்று சோறு இறங்கவில்லை எனக்கு.

அந்த வரியைத்தான் இத்தனை காலமும் கையெழுத்தாகப் போட்டேன். தபால் கந்தோரில் மைப்பெட்டியை நீட்டிய கிளார்க்கிடம், "பேனா குடுங்க தம்பி" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன். மகளின் கல்யாணப் பதிவிலும் அதேதான்.

நேற்று பேத்தி பலகையைக் குனிந்து பார்த்தாள்.

"தாத்தா, மேல யாரோ பேரு எழுதியிருக்கு."

"அது என் கூட்டாளி. கீழ உள்ளது நானு."

அவள் கீழ்வரியை விரலால் தொட்டுப் படித்தாள். பிறகு மெதுவாக, "இல்ல தாத்தா. கீழயும் அவரு பேருதான். அத சுழிச்சுக் கையெழுத்தா போட்டிருக்காரு" என்றாள். "நீங்க போடுறீங்களே, அதே மாதிரி..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

என் மகளை நான் உன் பேரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

கொழும்பு உன்னோடு போகட்டும். துரையிடம் என்ன சொன்னாய் என்பதும் போகட்டும். பென்சில் உன் கையில்தானே இருந்தது, என் பேரை எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு பார்த்தேனே, அப்போது என் முகத்தை நீ பார்க்கவே இல்லையா?

ஈயத்தாளுக்குப் பின்னால் பலகை இன்னும் ஊறவில்லை. நான் சொன்னது சரிதான். ஆனால் பேனாவைப் பிடித்தால் இந்தக் கைக்கு உன் சுழி மட்டும்தான் வருகிறது. இனி எந்தக் கந்தோரிலும் பெருவிரலைத்தான் நீட்டுவேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்தப் பேத்திதான். புதுப் பலகை அறுத்தாகிவிட்டது. ரெக்சின் ஒட்டுமுன் பென்சிலை வைத்துக்கொண்டு யார் பேர் எழுத என்று கேட்கிறாள். துரை செத்துப்போய்விட்டார். உன் மனைவி உனக்கு முன்னாலேயே போனாள். நீயும் போனாய். அன்று அந்தக் காரைச் சுற்றி நின்ற நாலு பேரில் உயிரோடு இருப்பது ஒருவன்தான்.

எழுது தாயி. வீராசாமி மகன் சன்னாசி.