உளுந்துச் செடி மேல் நின்ற வண்டி

திருத்துறைப்பூண்டி
மே 14

அன்புள்ள வளவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் உனக்கு அங்கே குறையில்லாமல் அமைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன், இது இரண்டாவது தாள். ஆறு வாரத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டிய கடிதம். வாராவாரம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் சுற்றி உட்காருவதுதான், அப்பாவுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்றைச் சொல்ல எனக்கு வேறு வழியில்லை. உன் அறையில் தங்கியிருக்கும் யூனுஸ் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறான். அவன் ஊர் அதிராம்பட்டினத்துக்கே போய் அவன் கையில் கொடுக்கப்போகிறேன். வேலைக்கு நடுவே பிரிக்காதே, அறைக்கு வந்து உட்கார்ந்து படி.

உன் கார் எரிந்துவிட்டது தம்பி. முன்பக்கம் மொத்தமும் போய்விட்டது. பின்பக்கம்தான் மிச்சம், நீ ஞாயிறுதோறும் போனில் பார்ப்பது அந்தப் பின்பக்கத்தை மட்டும்தான்.

அந்தக் கார் வந்ததிலிருந்தே எனக்குப் பயம்தான், அது உனக்கும் தெரியும். பதினான்கு வருஷத்து வண்டி, மூன்று பேர் கை மாறியது. உன்னோடு கோயம்புத்தூருக்கு வந்து அதைப் பார்த்த மெக்கானிக் தமிழ்மாறன் அன்றைக்கே சொன்னார், டர்போ பக்கம் எண்ணெய் கசியுது, ஆசைப்பட்டு எடுக்கிறீங்க, கைக்குழந்தை மாதிரி பாத்துக்கணும் என்று. நீ கேட்கவில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை. முதல் நாள் நீ அதைத் தெருவுக்குள் கொண்டுவந்தபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அதற்கப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிற ஜீப்பையும் ஆம்புலன்ஸையும் தவிர நம்ம தெருவுல எந்தக் காரு வந்து நின்னிருக்கு என்றார் எதிர்வீட்டுக் காளியம்மாள் அத்தை. கயலு, ஒன் மவன் காரு தவள கணக்கா தரையோட கெடக்கு, ஏறணும்னா அதக் குனிஞ்சு கும்புட்டுல்ல ஏற வேண்டியிருக்கு என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நீ கிளம்பும்போது எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஞாயிறு காலையில் ஸ்டார்ட் செய்யணும், சூடாகும்வரை எஞ்சினை முறுக்கக்கூடாது, நீ சொன்ன எண்ணெய் தவிர வேறு ஊற்றக்கூடாது, ஓட்டிவிட்டு வந்தால் உடனே அணைக்கக்கூடாது, எஞ்சினோடு சேர்ந்து கொதிக்கிற டர்போ ஆறுவதற்கு இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்கணும். இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிற மனிதர், அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படித்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார். எலி வயரைக் கடிக்குமென்று அறுவடை முடிந்த மாசத்தில் கொட்டகையில் படுத்துக்கூட இருந்திருக்கிறார்.

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் உளுந்தைப் பிடுங்கி, எப்போதும் போல, வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று வீட்டுக்கு முன்னால் ரோட்டில் பரப்பியிருந்தேன். வேனும் மினி பஸ்ஸும் ஏறி ஏறி மேல்பக்கத்துச் செடி மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. அப்பா முத்துப்பேட்டை ரோட்டில் காரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். செடியைப் பார்த்ததும் ஓரமாக ஒதுக்கத்தான் பார்த்தார். நான்தான் கையைக் காட்டி, ஊர் வண்டியெல்லாம் நம்ம உளுந்துல ஏறுது, நம்ம வண்டி ஏறினா தேஞ்சா போயிடும், ஏத்துங்க என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு தரம் ஏற்றி இறக்கினார். மூன்றாவது தரம் வாசலுக்கு நேரே, செடி மேலேயே நிறுத்தினார். நிறுத்தி, போனில் மணியைப் பார்த்துக்கொண்டு, நீ எழுதியிருந்தபடி இரண்டு நிமிஷம் ஓடவிட்டார்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதினால் உன் மேல் பழி போடுவதுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ சொன்னது வண்டிக்குச் சரி, ரோட்டில் உளுந்து கிடக்கும் என்று அந்தத் தாளுக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வேண்டியவள் நான். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், கொதிக்கிற இரும்புக்கு அடியில் காய்ந்த செடி இருந்தால் என்னவாகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அதோடு, அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறும் கொட்டகைத் தரையில் எண்ணெய்த் திட்டைப் பார்த்தேன். அப்பாவிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. நீ ஓவர்டைமில் அலுத்து வந்திருப்பாய், இதை வேறு சொல்லி உன் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டேன்.

முதலில் புகைதான் வந்தது. அப்பா இறங்கிப் பார்த்தார், அடியில் சுருண்டிருந்த செடி தீப்பிடித்துக்கொண்டிருந்தது. வண்டியோ தரையோடு தரையாக இருக்கிறது, குச்சி விட்டு இழுக்க வழியில்லை. குப்புறப் படுத்து வெறும் கையை உள்ளே விட்டு இழுத்தார். விடுங்க விடுங்க என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. காளியம்மாள் அத்தை மகன்தான் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். மண்ணைக் கொட்டி, மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் அடித்து அணைப்பதற்குள் முன்பக்கம் முடிந்துவிட்டது.

அப்பாவின் வலது கை. அதற்காகத்தான் இந்தக் கடிதமே, காருக்காக இல்லை. உள்ளங்கையும் நாலு விரலும் வெந்துவிட்டன. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். அந்த இரண்டு ஞாயிறும் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை என்று உன்னிடம் பொய் சொன்னோம். புண் ஆறிவிட்டது, ஆனால் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தானை உன் தங்கச்சி இசைவாணிதான் போட்டுவிடுகிறாள். சோற்றை இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார், அதையும் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறார். போன வாரம் வீடியோ ஏன் இப்படி ஆடுதுப்பா என்று நீ கேட்டாயே, இடது கையில் போனைப் பிடித்தால் அப்படித்தான் ஆடும். எஞ்சின் சத்தம் கேட்கணும் என்றாயே ஒருநாள், அன்றைக்கு நீ இங்கே இருந்தபோது எடுத்த பழைய வீடியோவின் சத்தத்தையே இசைவாணி தன் போனில் ஓடவிட்டாள். நல்லாருக்குப்பா, ஸ்மூத்தா இருக்கு என்றாய். அவள் அடுக்களைக்குள் போய் அழுதாள்.

டாக்டர் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். இருபத்தாறாம் தேதி சேர்ந்தால் ஒரு அறுவை சிகிச்சை செய்து, பதினைந்து நாள் வைத்திருந்து பயிற்சி கொடுத்தால் விரல் நீளும். இந்த மாதத்தை விட்டால் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிடும் என்கிறார். அப்பா வரமாட்டேன் என்கிறார். காரணம் கேட்டால் நீ நம்பமாட்டாய். பதினஞ்சு நாளுன்னா ரெண்டு ஞாயித்துக்கெழம, புள்ள வண்டியக் காட்டுன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவ, இன்னும் எத்தன தரம் கரண்ட் இல்லம்ப என்று என்னிடம் சண்டை போடுகிறார். அவன் தீபாவளிக்கு வர்றதுக்குள்ள வண்டிய நிமித்தணும், கை கெடக்கு என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மனிதர் தமிழ்மாறன் பட்டறைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, இதுக்குச் சாமான் தேடி முடிக்கிறதுக்குள்ள நீங்க பேரன் எடுத்துடுவீங்க, விட்டுடுங்க என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். யூனுஸிடம் நீ காருக்காகக் கொடுத்தனுப்பிய புது ஹோஸ் குழாய்களை அப்பா ஒவ்வொன்றாகத் துடைத்து, பீரோவில் உன் சர்ட்டிபிகேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நம்ம கிட்ட நம்பி விட்டுட்டுப் போனான் கயலு என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். யூனுஸ் எல்லாவற்றையும் பார்த்தான். சொல்லிடாதீங்க தம்பி என்று அப்பா கேட்டதற்கு, மாமா, நானா சொல்ல மாட்டேன், அவன் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன் என்றான். நல்ல பிள்ளை.

உனக்குக் கோபம் வரும். காருக்காக என் மேல் கோபப்படு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். மேட்டூர்த் தண்ணீர் வந்து உழவு தொடங்கும்போது அப்பா டிராக்டரில் உட்காரணும் தம்பி, எனக்கு வேறு ஆசையில்லை. என் பேச்சு எடுபடவில்லை, உன் பேச்சுக்குத்தான் அசைவார். லீவு போட்டு ஓடி வராதே, அங்கிருந்தே முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்ததும் வண்டியைக் காட்டச் சொல்லாதே. அப்பா, உங்க வலது கையைக் காட்டுங்க என்று கேள். மறைப்பார், பேச்சை மாற்றுவார், விடாதே. காட்டியபிறகு இருபத்தாறாம் தேதி என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீயும் இசையும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மழையில் நனைந்து சைக்கிளில் போகாதே. பார்ட்ஸ் எதுவும் இனி வாங்காதே. ஞாயிறு காலை பத்து மணி, மறந்துவிடாதே, எப்போதும் போல உன் அப்பா ஒன்பதரைக்கே சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

உன் அம்மா,
கயல்விழி இளம்பரிதி