பதினெட்டாம் நம்பர் ஊசியும் ஒரு துப்பாக்கி உறையும்

என்னங்க,

காலையிலிருந்து தையல் மிஷின் டிராயரைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். பாபின்கள், துருப்பிடித்த கத்தரி, செல்வியின் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான் இரண்டு, எதற்கென்றே தெரியாத ஒரு சாவி. கடைசியில் பழைய தீப்பெட்டி ஒன்றுக்குள் இருந்தது. பதினெட்டாம் நம்பர் ஊசி. பஞ்சில் எண்ணெய் விட்டுச் சுற்றி நீங்கள்தான் எடுத்து வைத்தீர்கள். திறந்ததும் அந்த எண்ணெய் வாசம் இலேசாக வந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

முந்தாநாள் ராஷித் போன் செய்தான். அதே ராஷித்தான், அல் ஐனில் உங்கள் முதலாளியின் மகன். ஒரு சாமான் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டான். என்னவென்று பிறகு சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். உங்களுக்கு எதிலுமே அவசரம்தான், போனதும் சேர்த்து.

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இப்போதும் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது. எழுபதுகளின் நடுவில், நாம் அரபு தேசத்தில் அல் ஐனுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பீளமேட்டில் பம்ப் செட்டுகளோடு வளர்ந்த உங்களுக்கு, பேரீச்சந்தோட்டங்களுக்கு டீசல் பம்ப் மாட்டித் தருகிற கடையில் இஞ்சினியர் வேலை. கடைக்கு முதலாளி அபூ ராஷித். நம் விசா, வீடு, ஆறு வயசுச் செல்வியின் பள்ளிக்கூடம் எல்லாமே அவர் போடுகிற ஒரு கையெழுத்தில் நின்றது. நல்ல மனிதர். வம்பு வந்ததே அதனால்தான்.

உங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு பொருளை ஒரு தரம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், ஒப்புக்குச் சொன்னதாகிவிடுமாம். மூன்று தரம் சொன்னால்தான் மனசாரச் சொன்னதாம். உங்கள் அம்மா வீட்டு மரியாதை அது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக் கேசரியை மூன்று தரம் புகழ்ந்தீர்கள், எங்கப்பா அதிலேயே விழுந்துவிட்டார். கோயமுத்தூரில் அது சரி. அந்த ஊரில் விருந்தாளி ஒன்றை விடாமல் புகழ்ந்தால் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதல் வருஷமே ஒரு பித்தளைக் காப்பிக் கூஜா அப்படி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கடை டிரைவர் ராவுத்தர் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டார். ராமநாதபுரத்து மனுஷன், பதினைந்து வருஷமாய் அங்கே இருந்தவர்.

"சார், ஒரு தடவ சொன்னா மரியாதை. மூணு தடவ சொன்னா கேட்ட மாதிரி. அவுக குடுக்காம விடமாட்டாக. இனிமேப்பட்டு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

சும்மா இருக்கிற வாயா உங்களுக்கு!

அன்றைக்கு அபூ ராஷித் வீட்டில் விருந்து. ராஷித் படிப்பு முடித்து வந்திருந்தான், இருபத்தொரு வயசு. மகன் தலையெடுத்துவிட்டால் தகப்பன் அவன் கையில் ஒரு துப்பாக்கி கொடுப்பது அவர்கள் வழக்கம். நம்மில் மகனுக்குக் கடைச் சாவி கொடுப்பதுபோல. அபூ ராஷித் புது ரைஃபிள் ஒன்று வாங்கி அன்று காலையில்தான் கொடுத்திருந்தார். நானும் செல்வியும் உள்ளே பெண்களோடு இருந்தோம். சாப்பாடு முடிந்து வெளியே வந்தால், நம் பிக்கப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், முகத்தில் ரத்தமில்லை. ராஷித் தன் கையாலேயே நீளமாக எதையோ துணியில் சுற்றி வண்டியில் வைக்கிறான். தோட்டாப் பெட்டியையும் வைத்தான். வைத்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

வண்டி தெருமுனை திரும்பியதும் கேட்டேன்.

"என்னங்க அது?"

"துப்பாக்கி."

"யாரோடதுங்க?"

"நம்முளுதுதான் புள்ள."

நீங்கள் திக்கித் திக்கிச் சொன்னீர்கள். இரும்பைக் கடைந்திருந்த அழகைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டதாம். தடவிப் பார்த்து 'ஜேன்' என்றீர்களாம். நல்லாயிருக்கிறது என்று ஒரு தரம். போல்ட்டை இழுத்துப் பார்த்து 'வாயித் ஜேன்', ரொம்ப நல்லாயிருக்கிறது என்று இரண்டாம் தரம். அதோடு விட்டிருக்கலாம். கண்ணில் வைத்துப் பார்த்து, ராஷித் மடியில் திரும்ப வைத்துக்கொண்டே மூன்றாவதும் சொல்லித் தொலைத்தீர்கள். அபூ ராஷித் ஒரு கணம் மகனைப் பார்த்தாராம். பிறகு மகன் மடியிலிருந்து எடுத்து உங்கள் மடியில் வைத்துவிட்டார். நீங்கள் "மாஃபி, மாஃபி", இல்லை இல்லை என்று பதறினீர்களாம். அவர் கையை உயர்த்தி, "கலாஸ்" என்றாராம். முடிந்தது என்றால் அங்கே முடிந்ததுதான்.

வெளிநாட்டுக்காரன் வீட்டில் துப்பாக்கி இருந்து போலீஸ் கண்டுவிட்டால் அடுத்த விமானம்தான். அது நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். திருப்பிக் கொடுத்தால் முதலாளியை அவமானப்படுத்தியதாகும், அப்போதும் விமானம்தான். பவானி ஜமக்காளத்தில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினீர்கள். கட்டில் மேல் உட்கார்ந்து செல்வி வாய்ப்பாடு படித்தாள். வாசலில் யாராவது செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உங்களைத் திட்டியதற்கு இப்போதும் நான் வருத்தப்படவில்லை. நன்றாகத்தான் திட்டினேன்.

"ஏனுங்க, அந்தப் பையன் ஒரு பொழுதாச்சும் தோள்ல மாட்டியிருப்பானா? பெத்தவன் குடுத்ததப் புடுங்கிட்டு வந்திருக்கறீங்களே! நம்ம பையனா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தீர்கள். நான் அழ ஆரம்பித்திருந்தேன், அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன சொன்னே?"

"காது கேக்கலீங்களா? நம்ம பையனா இருந்தான்னு சொன்னேன்."

"அதான் புள்ள! நம்ம பையன்தானே அவன்!"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ராவுத்தர் ரூமுக்கு ஓடினீர்கள். திரும்பி வரும்போது உங்கள் முகத்தில் பழைய களை வந்திருந்தது. தகப்பன் மட்டுமில்லை, சித்தப்பன் பெரியப்பன் முறையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் தலையெடுத்த பையனுக்குத் துப்பாக்கி கொடுக்கலாமாம், அதை யாரும் மறுக்க மாட்டார்களாம். ஆனால் ராவுத்தர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். வந்த பொருளை வந்தபடியே கொடுத்தால் திருப்பிக் கொடுத்ததாகத்தான் நினைப்பார்கள். நம் கையால் ஏதாவது சேர வேண்டும். அப்போதுதான் அது நம் வீட்டுச் சீர்.

சனிக்கிழமை நீங்கள் கடை லேத்தில் நின்றீர்கள். குழாயைத் துடைக்கிற கம்பி ஒன்றைப் பித்தளையில் மூன்று துண்டாகக் கடைந்து, ஒன்றோடொன்று மறை போட்டுச் சேர்கிற மாதிரி செய்துகொண்டு வந்தீர்கள். நான் துப்பாக்கிக்கு உறை தைத்தேன். பம்பு மூடுகிற தார்ப்பாயில் மேல்துணி, பம்பு துடைக்கிற மஞ்சள் ஃபிளானலில் உள்துணி. கதவைத் தாழ் போட்டுவிட்டு அதைத் தரையில் படுக்க வைத்து இஞ்ச் டேப் பிடித்தேன். ரவிக்கைக்கு அளவெடுத்த கை எனக்கு, தோள் எங்கே இடுப்பு எங்கே என்று தெரியவில்லை.

"உன்னையக் காட்டிலும் ஒல்லியா இருக்குது பாரு" என்றீர்கள்.

அந்த நிலைமையிலும் கிண்டல்! இஞ்ச் டேப்பாலேயே ஒன்று வைத்தேன்.

தார்ப்பாய்க்குப் பதினாறாம் நம்பர் ஊசி இரண்டு உடைந்தது. எங்கிருந்தோ ஒற்றைப் பதினெட்டாம் நம்பர் வாங்கி வந்தீர்கள். கைமிஷின் சக்கரத்தை நீங்கள் சுற்றினீர்கள், நான் இரண்டு கையாலும் துணியைத் தள்ளினேன். தலையணை உறை மாதிரி வாயில் ஆறு பொத்தான் வைத்துத் தைத்து முடித்தேன். பார்த்துவிட்டு, "பறவை பறந்துக்கிட்டு இருக்கறப்போ அவன் ஆறு பொத்தானக் கழட்டிக்கிட்டு நிக்கோணுமா?" என்று கேட்டீர்கள். அவ்வளவையும் பிரித்து நாடா வைத்தேன். தோட்டாவுக்கு வெளியே இரண்டு பை. ஓரத்தில் நம்மூர் வழக்கப்படி ஒரு சின்ன மாங்காயைச் சிவப்பு நூலில் போட்டேன். தைக்கத் தைக்க என் பயம் குறைந்ததை நானே கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். உறையோடு துப்பாக்கியைத் தார்ப்பாயில் சுற்றி, பிக்கப் பின்னால் பம்புக் குழாய்களுக்கு நடுவே வைத்தீர்கள். பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். அவருக்கு வேண்டியது ஒரு லிஃப்ட்! ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், அந்த மூட்டை மேலேயே சாய்ந்து கால் நீட்டிக்கொண்டார்.

"ஹாதா பம்ப்?" என்று மூட்டையைத் தட்டி, இது பம்பா என்று கேட்டார்.

"பம்ப், பம்ப்" என்றீர்கள் நீங்கள்.

"அப்பா, அது பம்ப் இல்லியே..." என்று செல்வி ஆரம்பித்தாள். வாயில் ஒரு முழு பிஸ்கட்டைத் திணித்தேன். இரண்டு மைல் தள்ளி அவர் இறங்கி, நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் கும்பிடாத சாமியில்லை.

அபூ ராஷித் வீட்டில் நான் உள்பக்கத் திரைக்குப் பின்னால் ராஷித்தின் அம்மாவோடு நின்றேன். நீங்கள் உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனீர்கள். ராவுத்தர் கற்றுக் கொடுத்திருந்த அரபு வார்த்தைகளை, ஸ்கூல் பையன் ஒப்பிக்கிற மாதிரி மூச்சுவிடாமல் சொன்னீர்கள். ராஷித் எனக்கும் மகன் மாதிரி, மகன் பெரியவனானால் துப்பாக்கி கொடுப்பது பெரியவர்கள் கடமை, இது எங்கள் வீட்டிலிருந்து.

ராஷித் கை நீட்டவில்லை. தகப்பனைப் பார்த்தான். அபூ ராஷித் உறையை வாங்கினார். நாடாவை அவிழ்த்தார், உள்ளே மஞ்சள் துணியைத் தொட்டார், தையலை விரலால் நீவிக்கொண்டே வந்தார். பித்தளைக் கம்பியை எடுத்து மூன்று துண்டையும் சேர்த்துப் பார்த்தார், கழற்றினார், மறுபடி சேர்த்தார். அந்த நேரத்தில் நம் குடும்பம் ஊருக்குப் பெட்டி கட்டி, மறுபடி பெட்டியைப் பிரித்து, மறுபடி கட்டியது. அப்புறம் அவர் மகன் தோளில் அதை மாட்டிவிட்டார்.

"கலாஸ்" என்றார். இந்தத் தரம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ராஷித் வந்து, அவர்கள் வழக்கப்படி உங்கள் மூக்கோடு மூக்கு தொட்டான். நீங்கள் கூச்சத்தில் நெளிந்தீர்கள். என் பக்கத்தில் நின்ற அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். இரண்டு நாளாகத் தன் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் புரிந்தது. மகனுக்குக் கொடுத்ததைத் தானே பிடுங்கிக் கொடுத்துவிட்டு, வாயிலிருந்து போன வார்த்தையைத் திரும்ப எடுக்கவும் வழியில்லாமல் அந்த மனிதரும் நம்மைப் போலவே தவித்திருக்கிறார். அட, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அப்புறம் நீங்கள் செய்தது மறந்து போச்சா? காப்பி வந்தது. மூலையில் ஒரு ராஜாளி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து உங்கள் கண் விரிந்தது, வாய் திறந்தது. நான் திரைக்குப் பின்னாலிருந்து இருமினேன் பாருங்கள், காசநோய்க்காரி தோற்றாள். வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்தீர்கள்.

திரும்பி வரும்போது வண்டி லேசாக ஓடியது. செல்வி மடியிலேயே தூங்கிவிட்டாள். நீங்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தீர்கள். "வெறுங்கையோட வீட்டுக்குப் போறதுல இவ்வளவு சந்தோசம் இருக்குதுன்னு தெரியாமப் போச்சு புள்ள" என்றீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்குக் கட்டிலுக்கடியைக் கூட்டிப் பெருக்கி, ஜமக்காளத்தை உதறி மடித்தபோது வந்த நிம்மதி பிறகு எந்த நல்லநாளுக்கும் வரவில்லை.

அதோடு நீங்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டீர்கள். எதையும் இரண்டு தரத்துக்கு மேல் புகழ்வதில்லை. "ரசம் நல்லா இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது." அதோடு நிறுத்தி, விரலை உதட்டில் வைத்துக்கொள்வீர்கள். ஊருக்கு வந்து வீடு கட்டி, செல்விக்குக் கல்யாணம் செய்து, பேத்தி பிறந்த பிறகும் அதேதான். கேட்டால், மூணாவது சொன்னா நீ தூக்கிக் குடுத்துருவே என்பீர்கள். ஆரம்பத்தில் சிரித்தேன். போகப் போகக் கொஞ்சம் ஏக்கமாகவே இருந்தது. அந்த மூன்றாவதை ஒருநாள் கேட்காமலே போய்விடுவேனோ என்று பயந்திருக்கிறேன், உங்களிடம் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம், ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தேன். இரண்டு மடக்குத்தான் இறங்கியது. "நல்லா இருக்குது" என்றீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குது." வழக்கம்போல விரல் உதட்டுக்குப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. காப்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து மூன்றாவது தரமும் சொன்னீர்கள்.

நான் கையை உயர்த்தி, "கலாஸ்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சொல்லாமல் போயிருந்தால் உங்களை மன்னித்திருக்கவே மாட்டேன்.

சரி, ராஷித் கேட்டது இதுதான். அவனுடைய கடைசி மகள் படிப்பு முடித்துவிட்டாளாம், கிளப்பில் குறிபார்த்துச் சுடுகிறாளாம். அவளுக்கு ரைஃபிள் வாங்கி வைத்திருக்கிறான். உறை இல்லையாம். கடையில் எத்தனையோ இருக்கிறது அம்மா, மாங்காய் போட்டது இல்லையே என்றான். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அவன் உறையில் தையல் விடவில்லையாம்.

தார்ப்பாய் வாங்கியாயிற்று. ஊசி கிடைத்துவிட்டது. சக்கரம் சுற்ற ஆளில்லை, நானே ஒரு கையால் சுற்றி ஒரு கையால் தள்ளிக்கொள்கிறேன். மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் நேராகப் போகிறது. முடித்ததும் எடுத்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று உங்களுக்காக இரண்டு தரம் சொல்லுவேன். மூன்றாவது நீங்கள் சொன்னது என்னிடம் இருக்கிறது, அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.