சாக்கு கட்டிய குழி

உசிலம்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சோலைக்கு அம்மா எழுதுவது. எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணை மூடித் தூங்குகிறாயா, அந்தக் கருப்பசாமிக்குத்தான் வெளிச்சம். போனில் கேட்டால் பக்கத்துல ஆளு இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இதை எழுதி உன்கூட அங்கே வேலை பார்க்கிற மாமா மகன் முகேஷ் கையில் கொடுத்துவிடுகிறேன், அவன் லீவு முடிந்து நாளைக்கு ரயில் ஏறுகிறான். பிரிக்காதேடா என்று சொல்லியிருக்கிறேன். பிரித்துப் படித்தாலும் நல்லதுதான். மழை இந்தத் தடவையும் ஏமாற்றிவிட்டது, சோளம் முழங்காலுக்கு மேல் வளரவில்லை. அவனியாபுரத்தில் உன் தங்கச்சி திவ்யாவுக்கு ஏழாம் மாதம். அவள் காதில் இதெல்லாம் விழக்கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார்.

முகேஷ் வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இங்கே தண்ணிக்குப் போர் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை நீ. ஒடிசாவில் ரெண்டு கம்பெனி கூட்டுச் சேர்ந்து நிலக்கரி இருக்கா என்று தோண்டிப் பார்க்கிறாங்க, சம்பளம் ஜாஸ்தி என்று வண்டியேறிப் போனாய். இங்கே தண்ணி வராத குழியின் வாயில் சாக்கைக் கட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள், காட்டுக்குச் சொந்தக்காரன் மறுநாள் கல்லும் மண்ணும் போட்டு மூடுவான். அங்கேயும் அதையே செய்திருக்கிறாய். அந்த வனக்காட்டுக்கு ஏதுடா சொந்தக்காரன்? தோண்டுறது எங்க வேலை, மூடுறது உங்க வேலை என்று ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியைக் காட்டியிருக்கிறது. ஒரு மழைக்குச் சாக்கு இற்றுப்போச்சு. நாலு வயசுப் பெண்பிள்ளை ஆட்டுக்குட்டி பின்னால் ஓடி உள்ளே போய்விட்டது. உயிரில்லாமல்தான் எடுத்தார்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லையடா சோலை.

அதைவிட என்னைக் கொன்றது அவன் அடுத்துச் சொன்னதுதான். ஒண்ணும் பயப்படாதீங்க அத்தை, மேனேஜர் சொல்லிக் கொடுத்துட்டாரு, நாங்க இரும்பு மூடி போட்டுத்தான் வந்தோம், ஊர்க்காரங்கதான் அதைப் பழைய இரும்புக்குப் போடக் கழட்டிட்டாங்கன்னு சொல்லணுமாம், விசாரணையில சோலை மட்டும் அப்படிச் சொல்லிட்டா முடிஞ்சுது என்கிறான், கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே. தட்டைப் பிடுங்கிவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் திருட்டுப் பட்டத்தையும் கட்டுவீர்களாடா, நீங்களெல்லாம் மனுசப் பிறவிதானா? அந்தப் பிள்ளை பேர் என்னடா என்று கேட்டேன். தெரியல அத்தை, ஏதோ ஒரு புள்ள என்றான். சாக்கைக் கட்டும்போது கயிறு பிடித்தவன் அவனும்தானே.

நீ இன்னும் வாய் திறக்கவில்லை என்று முகேஷ் சொன்னான், அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். மூடி போடலை, சாக்குதான் கட்டினேன், காட்டுக்காரன் மூடுவான்னு நெனச்சுட்டேன் என்று உள்ளதைச் சொல். உள்ளே வைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். உன் அப்பா முதலில் வாய மூடு ஜெயக்கொடி, இருக்கிறது ஒத்த ஆம்பளப் பிள்ளை என்று என்மேல் பாய்ந்தார். அப்புறம் கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு நம் மேலக்காட்டுக்குப் போனார். போன வருசம் நீயே தோண்டி தண்ணி இல்லாமல் வெறும் மண்புகையாக வந்ததே அந்தக் குழி, அதன்மேல் நாம் வைத்த கல் சரிந்து கிடந்ததாம். மண்ணை அள்ளிப் போட்டு நிரப்பிவிட்டு வந்து, சொல்லட்டும் என்று ஒரே வார்த்தை சொன்னார். நீ ஜெயிலில் இருந்தால் அங்கே வந்து பார்ப்பேன், பாஷை தெரியாவிட்டாலும் வருவேன்.

கருப்பசாமி உன் கூடவே நிற்கட்டும். வெறும் வயிற்றோடு விசாரணைக்குப் போகாதே. அந்தப் பிள்ளையின் பேரைக் கேட்டு வைத்துக்கொள், எனக்கு வேண்டும். ஊரை விட்டுப் போனபோது போறேன் என்று சொல்லாமல் வாரேம்மா என்றுதானே சொன்னாய். வா ராசா, எத்தனை வருசம் ஆனாலும் வா. ஆனால் சொல்லிவிட்டு வா.

உன் அம்மா
ஜெயக்கொடி