தலைக்கு ஊற்றியதால் வந்ததல்ல

கிழக்குத் தாம்பரம்
23-1-1972, ஞாயிறு

அன்புள்ள மகன் சாலமோனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் ஜெயசீலியும் குழந்தை தயாளனும் சுகம். பேனா தானாகவே எழுதிவிடுகிற வார்த்தை அது, இந்த முறை எழுதிவிட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தியோப்பியாவில் நீயும் சுகமாயிருந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து வருகிறாய் என்று நம்புகிறோம். அந்தப் பொறுமையில் கொஞ்சம் வீட்டுக்கும் மீதி வைத்திருக்கலாம்.

நீ ஜெயசீலிக்கு எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் படிக்கவில்லை, அது உங்கள் இருவருடையது. ஆனால் கிணற்றடியில் நின்று படித்தவள் உள்ளே வந்து சாப்பாடு வேண்டாம் என்றாள், மறுநாளும் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. அம்மா விடாமல் கேட்டபிறகு ஒரே ஒரு வரி சொன்னாள். மார்கழிக் குளிரில் பச்சைப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினாயாமே, பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் எதற்குப் பெற்றாய் என்று கேட்டிருக்கிறாயாம். தாயில்லாத பெண், பிரசவத்துக்கு நம் வீட்டை நம்பித்தானே அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாள், அவளுக்கு எழுதுகிற வரியா அது? உனக்கு எழுதிப் போட்டது சாராள் அத்தைதான் என்று எனக்குத் தெரியும். பீர்க்கன்கரணையில் உட்கார்ந்தபடியே ஊருக்கெல்லாம் தந்தி ஆபீஸ் நடத்துகிறாள் என் தங்கை. அவள் எழுதினாள் என்றால் நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வகுப்பில் ஒரு பையன் இன்னொருவன் மேல் புகார் சொன்னதும் பிரம்பை எடுத்துவிடுவாயா நீ?

முதலில் அந்தத் தலைக்கு ஊற்றிய கதையைத் தீர்க்கிறேன். டிசம்பர் இருபத்து நாலாம் தேதி, காலை பத்து மணி, முற்றத்தில் நல்ல வெயில். வெந்நீர் விளாவி ஊற்றியது உன் அம்மா, ஜெயசீலி துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். பண்டிகை கழிந்த மறுநாள் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது, பிறகு இருமல், இருபத்தொன்பதாம் தேதி பால் குடிக்க முடியவில்லை. ஒரு வாய் உறிஞ்சுவான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மின்சார ரயிலில் தூக்கிக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பல்லாவரத்திலிருந்து எதிரே உட்கார்ந்து வந்த ஒருவர் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு என்று எழும்பூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார்டில் இவனைப் போலப் பதினோரு பிள்ளைகள், எல்லாம் ஒரு வயதுக்குள். பிராணவாயு வைத்தார்கள், மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். லேடி டாக்டர் சின்ன வயதுக்காரி, நன்றாக விளக்கினாள். இது வைரஸ் என்கிற கிருமியாம், குளிர்காலத்தில் ஊரெல்லாம் சுற்றுமாம், பெரியவர்களுக்கு வந்தால் வெறும் ஜலதோஷம், கைப்பிள்ளைக்கு வந்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடுமாம். உனக்குப் புரிகிறபடி சொல்கிறேன். நம்முடைய மூச்சுக்குழாய் கைபம்புக் குழாய் மாதிரி என்றால், குழந்தைக்கு உள்ளே இருப்பது பேனாவுக்கு மை போடுகிற ஃபில்லரின் நுனி. ஒரே சொட்டுச் சளி, நமக்கு ஒரு செருமல், அவனுக்கு அடைப்பு. பெனிசிலினுக்கு இது சாகாது, மூக்கைச் சுத்தம் செய்து, மூச்சுக்கு உதவி செய்துகொண்டு, அதுவாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றாள். இது யாருக்குப் புரிந்தது? ரிட்டயர்டு கம்பவுண்டர் சத்தியநாதன் தினமும் வந்து, இன்னுமா ஊசி போடவில்லை, என்ன ஆஸ்பத்திரி சார் இது என்று என்னைக் குடைந்தார். சாராள் சபைப் பெண்கள் ஆறு பேரைக் கூட்டிவந்து கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் தொடங்கினாள், அதில் இரண்டு பேர் இருமிக்கொண்டே. வார்டு சிஸ்டர் வந்து, ஜெபத்தை வராண்டாவில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, அங்கிருந்தும் ஆண்டவருக்குக் கேட்கும் என்று வெளியே அனுப்பினாள். போகிற போக்கில் சாராள் ஜெயசீலியைப் பார்த்து, தலைக்கு ஊற்றும்போதே நினைத்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊற்றிய அன்று அவள் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். சேர்த்த அன்று டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் யாருக்காவது ஜலதோஷம் இருந்ததா என்பது. யாருக்கும் இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஜெயசீலி தரையைப் பார்த்தாள். ஏதோ தன் தப்பை நினைக்கிறாள் என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

அடுத்த கட்டிலில் கோவளம் குப்பத்திலிருந்து வந்த அங்காளம்மா, மீன் விற்கிறவள், அவளுடைய எட்டு மாதப் பெண்ணுக்கும் இதே இழுப்பு. மூன்றாம் நாள் நான் கட்டிலருகே நின்று தும்மினேன். முப்பது வருஷ மூக்குப்பொடிப் பழக்கம் உனக்குத் தெரியும், பொடி காரம் என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டேன். அங்காளம்மா எழுந்து வந்துவிட்டாள். இன்னா சார் கதை வுடுற, எங்க மாமனாரு நாப்பது வருசமா பொடி போட்டுகினு கீறாரு, ஒரு தும்மல் தும்மினது இல்ல, புதுசா போடறவன்தான் தும்முவான், உனுக்கு ஜலதோசம் சார், என் புள்ளைய பார்த்து மூச்சு வுடாத, அந்தாண்ட போ என்றாள். வார்டு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பிருந்தே தும்மிக்கொண்டிருந்தேன், தினமும் காலையில் அவனை மடியில் போட்டுக் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாட்டுப் பாடியவனும் நான்தான். ஜெயசீலியைத் திரும்பிப் பார்த்தேன், அவள் அவசரமாகப் போர்வையைச் சரிசெய்தாள். தெரியுமா அம்மா உனக்கு என்று கேட்டேன். தெரியும் மாமா, அவனைத் தூக்காவிட்டால் உங்களுக்குப் பொழுதே விடியாது, எப்படிச் சொல்வேன் என்றாள்.

பள்ளிக்கூடத்தில் கண்வலி பரவும்போது, முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டால், வந்தவன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து மற்றவர்களைக் கைகாட்டுவான். அதையேதான் நானும் செய்தேன். குழந்தை ஜனவரி ஆறாம் தேதி வீடு வந்ததும் உனக்குப் போட்ட விமானக் கடிதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும் தேறியதையும் சுருக்கமாக எழுதினேன், இதை எழுதவில்லை. சாராள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் காதில் விழுந்தது, மருமகள் தலை குனிந்திருக்க நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உன் மேல் வருகிற கோபத்தில் பாதிக்கு மேல் என் மேல்தான். நேற்று பீர்க்கன்கரணைக்கே போய்ச் சாராளிடம் சொன்னேன். அவளோ, போங்கள் அண்ணா, மருமகளைக் காப்பாற்ற இப்படியும் ஒரு கதையா, பெரியவர்கள் தும்மினால் பிள்ளைக்கு இழுக்குமா என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். என்னத்தைச் சொல்ல.

ஆகையால் நீ எழுது. எனக்கு வேண்டாம், அத்தைக்கும் வேண்டாம், ஜெயசீலிக்கு எழுது. போனது போகட்டும் என்று பெரிய மனது பண்ணி எழுதாதே, மன்னித்துக்கொள் என்று எழுது. எட்டு நாளும் அந்தக் கட்டிலருகே நின்றபடி அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். நீயும் ஊர் வரும்போது ஜலதோஷமிருந்தால் வாசலிலேயே இரண்டு நாள் நில், நான் துணைக்கு நிற்கிறேன். அம்மா முத்தங்கள் சொல்லச் சொன்னாள். தயாளனுக்கு இப்போது கீழே ஒரு பல் வெள்ளையாகத் தெரிகிறது. ஆண்டவர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக.

உன் அன்புள்ள அப்பா,
வே. வேதசிரோமணி

பி.கு. ஒட்டுவதற்கு முன் இதை ஜெயசீலியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்து, மாமா, நீங்கள் தும்மின இடத்தை மட்டும் அடித்துவிடுங்களேன் என்றாள். நான் அடிக்கவில்லை.