எட்டு வெள்ளை எலிகள்

செம்பூர்
4-3-1968

அன்புத் தங்கச்சி லூசிக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று கோபிக்காதே. என் சின்னவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. உன் மகள் ரோசம்மாவின் ரத்தம் இருக்கிற நிலையில் இந்த வீட்டு ஆட்கள் யாரும் அவளை நெருங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வாரம் தாராவிப் பக்கம் தலைகாட்ட மாட்டேன்.

அழாதே. எங்கள் லேபில் நான் பார்த்ததைக் கேள். அவளுக்கு வந்திருக்கிற ரத்தப் புற்றின் அணுக்களுக்கு ஒரு சத்து வேண்டும். மற்ற அணுக்கள் அதைத் தாமே சமைத்துக்கொள்ளும். இவற்றுக்குச் சமைக்கத் தெரியாது. உங்கள் சந்தில் தனியாக இருக்கிற ஆட்களைப்போல மெஸ்ஸில்தான் சாப்பாடு, ரத்தம்தான் மெஸ். ஒரு கிருமியிலிருந்து எடுத்த என்ஸைமை ஊசியில் போட்டால், அது அந்தச் சத்தைச் சிதைத்து மெஸ்ஸையே மூடிவிடுகிறது. அந்தப் புற்றால் கட்டி வந்திருந்த எட்டு வெள்ளை எலிகளுக்குப் போட்டோம். ஐந்தே நாளில் கட்டி கரைந்துவிட்டது! நானே தடவிப் பார்த்தேன்.

நமக்கும் நல்ல காலம் வரும்.

உன் அண்ணன்
ஞானசேகரன்

தாராவி
12-3-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சியாக வாசித்தார்கள். கூட்டமே அழுதது. உபதேசியார் இவர்களைப் பார்த்து, "ஏலே ஆபிரகாம், சொகம் கெடச்சாச்சுன்னு ஸ்தோத்திரம் சொல்லியாச்சு. இனி மாத்திரையக் குடுத்தா அவிசுவாசமில்லா?" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. டாக்டர் புற்றுக்குக் கொடுத்த அந்த மாத்திரையால் பிள்ளைக்கு வாயெல்லாம் புண். வியாழக்கிழமையே நிறுத்திவிட்டேன். இப்போது இட்லி தின்கிறாள். "மாமா எப்பம்மா வருவாவ?" என்று நச்சரிக்கிறாள்.

மெஸ்ஸை மூடுகிற ஊசியை எந்தத் தேதியில் கொண்டுவருவீர்கள்? மதினிக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

லூசியம்மாள்

செம்பூர்
13-3-1968

லூசி,

இதைக் கொண்டுவருகிறவர் நஜிமுதீன், என்னோடு லேபில் வேலை செய்கிறவர், உங்கள் பக்கத்துச் சுனாபட்டியில் குடியிருக்கிறார். ரோசம்மா மாத்திரையை விழுங்குகிறவரை உன் வாசலை விட்டு நகரமாட்டார். உடனே கொடு. நாளைக் காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. ஆறு நாள் நிறுத்தியதை மறைக்காதே.

அன்றைக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். எட்டில் ஐந்து எலிகளுக்கு இருபதாம் நாள் கட்டி திரும்பிவிட்டது. பட்டினி கிடந்த அணுக்களில் சில தாமே சமைக்க ஆரம்பித்துவிட்டன. சமைத்துக் கொடுப்பதும் ஒரு என்ஸைம்தான், அவற்றின் உள்ளேயே இருக்கிறது. அந்த ஐந்தும் செத்துவிட்டன. வெளிநாட்டில் சில மனிதர்களுக்கு இப்போதுதான் போட்டுப் பார்க்கிறார்களாம். எங்களிடம் இருப்பது எலிக்கு மட்டும்.

நீ அழக் கூடாதென்று பாதியை மட்டும் எழுதினேன். பாவி நான்.

அண்ணன்

ஆஸ்பத்திரி
18-3-1968

அண்ணனுக்கு,

நஜிமுதீன் உட்காராமலே நின்றார். பிள்ளை விழுங்கினாள், கக்கினாள், மறுபடியும் விழுங்கினாள். அன்று சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் நானே எழுந்து, "மாத்திரைய நிறுத்துனது என் தப்பு. வேற யாரும் செஞ்சிராதிய" என்றேன். உபதேசியார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் காய்ச்சல் வந்து இங்கே சேர்த்தோம். கெட்ட அணுக்கள் கூடியிருக்கின்றனவாம். நிறுத்தியதால்தானா என்று கேட்டேன், டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் ரோசம்மா உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். இந்திப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தமிழ் வாசிக்க வராதே. நான்தான் வாசித்தேன். அந்த ஐந்தும் செத்த வரியை விட்டுவிட்டேன். நானும் பாதிதான் வாசித்தேன், அண்ணா.

அவள் விரல்விட்டு எண்ணி, "அஞ்சு போனா பாக்கி மூணு என்னாச்சும்மா?" என்கிறாள். எனக்கு ஆறுதல் வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள்.

லூசி

செம்பூர்
21-3-1968

லூசி,

எலிகளுக்கு ஊசி போட்டு இன்று நாற்பத்தோராம் நாள். காலையில் மூன்றையும் கூண்டிலிருந்து எடுத்துத் தடவிப் பார்த்தேன். இரண்டுக்குக் கட்டி இல்லை. மூன்றாவதற்கு வயிற்றோரம் கடுகளவு ஏதோ தட்டுப்படுகிறது. அது கட்டிதானா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும் தீனி தின்றன.

இதில் ஒரு வரியையும் விடாமல் ரோசம்மாவுக்கு வாசித்துக் காட்டு. முன் கடிதத்தில் விட்ட வரியையும்.

அண்ணன்